எத்தனை அடுப்பு எரிகிறது?

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு மாலை

அன்பு மகள்,

நேற்று இரவு நீ அனுப்பிய மடலை மூன்று தரம் வாசித்தேன். அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அமெரிக்காவின் மினியாபொலிசில் கோடையில் பத்து வாரம், ஒரு பேராசிரியரின் கீழ் வேலை, உதவித்தொகை, குடிசனத் தரவுகளை வைத்து ஆராய்ச்சி என்று நல்லதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "ஆனால் விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன்" என்று முடித்திருக்கிறாய். அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை.

"போதிய பிரதிநிதித்துவம் இல்லாத சமூகங்களின் மாணவர்களுக்கு" என்று அறிவிப்பில் இருப்பதுதானே உன்னைக் குத்துகிறது? இரக்கப்பட்டுத் தருகிறார்கள், திறமைக்கு இல்லை என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

அந்தக் குத்து எனக்குப் புதிதில்லை. நுவரெலியா மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய குறைந்த வெட்டுப்புள்ளியில் பல்கலைக்கழகம் போனவள் நான். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்பே கிடையாது. கணிதம் படிக்க விடியற்காலை இருட்டில் இறங்கி ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடுதியில் முதல் வாரமே ஒருத்தி கேட்டாள், "நீங்க கோட்டாவிலயா வந்தீங்க?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நான்கு வருடமும் அந்தக் கேள்வியை மனதில் சுமந்துகொண்டே திரிந்தேன். இன்றைக்கு யாராவது கேட்டால், ஆமாம், கோட்டாவில்தான் வந்தேன் என்று சொல்வேன். கோட்டா எனக்கு ஒரு கதிரையைத் தந்தது. அதில் உட்கார்ந்து வகையீடும் தொகையீடும் படித்தது நான்தான்.

சரி, அது என் கதை. உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீ போகப்போவது மனிதர்களை எண்ணுகிற படிப்புக்கு. அந்த இடத்தில் எண்ணிக்கையில் விடுபட்ட வீட்டுப் பிள்ளைகள் இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அம்மப்பாவின் கதையை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த பரம்பரையான எங்கள் தோட்டத்துச் சனம் பெரும்பாலும் நாடற்றவர்களாகிப் போனது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த எண்களைப் பார், எல்லாம் முழு முழு எண்களாக இருக்கின்றன. எந்தக் குடும்பம் அப்படி முழு எண்ணாகப் பிரியும்? ஒரே லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிராவில் இருந்த அம்மப்பாவும் அவருடைய அண்ணனும் இரண்டு நாட்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. எண்ணுவது எங்கள் சனத்துக்கு என்ன செய்யும் என்பதை நான் அந்த வீட்டில்தான் படித்தேன்.

எண்ணாமல் விட்டாலும் கெடுதிதான். 1981 க்குப் பிறகு, போரினால் 1991 இல் குடிசன மதிப்பே நடக்கவில்லை. 2001 இல் வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களில் முழுமையாக எடுக்க முடியவில்லை. முழு நாட்டையும் திரும்ப எண்ணியது 2012 இல்தான். முப்பத்தொரு வருடம்! 1982 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஒரு பிள்ளை, முழுக் கணக்கொன்றுக்குள் வரும்போது முப்பது வயதாகியிருக்கும்.

அந்த 2012 கணக்கெடுப்புக்கு நானும் போனேன், ஞாபகம் இருக்கிறதா? பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வருவதாக அழுதாய். கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டம் (தேயிலைத் தோட்டமில்லை, நெருக்கமான குடியிருப்பு) எனக்குத் தந்தார்கள். கதவு இலக்கம் ஒன்றுதான். உள்ளே போனால் பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் சேலைத் திரை, அதற்கும் பின்னால் மரப்படி. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடித்தனம் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதனால் "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை அடுப்பு எரிகிறது?" என்று கேட்டேன். வயதான அம்மா ஒருவர் சிரித்துவிட்டு, "வீடு ஒன்றுதான் டீச்சர், உலை மூன்று" என்றார். மூன்று மண்ணெண்ணெய் அடுப்பையும் காட்டினார். ஒன்றின் மேல் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

எழுதி முடித்து எழும்பும்போதுதான் படிக்குக் கீழே சுருட்டி வைத்த பாயைக் கண்டேன். அது யாருடையது என்று கேட்டேன். "அது பதுளைப் பெடியன், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி வேலை. அவன் ஊரில் பதிவான்" என்றார்கள். பின்னேரம் அவன் வரும்வரை காத்திருந்து, அவனுடைய போனிலேயே ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேசினேன். "அவன் கொழும்பிலதானே இருக்கான், அங்கேயே எழுதியிருப்பாங்கன்னு நெனச்சோம்" என்றார் அந்தத் தாய். ஊரில் கேட்டால் கொழும்பு, கொழும்பில் கேட்டால் ஊர். அவன் கடையில் சாப்பிடுகிறவன், அவனுக்கு அடுப்பே இல்லை. தனிக் குடித்தனமாக அவனை எழுதிக்கொண்டேன். அந்த வருடம் இலங்கையின் சனத்தொகை 2,03,59,439 என்று வந்தபோது, கடைசியில் இருக்கும் அந்த ஒன்பதில் ஒன்று அவன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எல்லாக் கதவும் அப்படித் திறக்கவில்லை. ஒரு லொட்ஜில் ஒரு பெண் சங்கிலியைக் கழற்றாமலே, "பொலிஸ் பதிவா?" என்று கேட்டாள். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதைப் பார்த்தவர்கள் படிவத்தைக் கண்டால் பயப்படத்தானே செய்வார்கள்? அவளோடு பேச எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. தமிழ் பேசத் தெரியாத ஒருவர் அங்கே போயிருந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கதவுக்குப் போயிருப்பார்.

நீ அனுப்பிய அமெரிக்கக் கணக்கிலும் இதேதான் இருக்கிறது. 2020 இல் அங்கே கறுப்பின மக்களில் 3.30 வீதமும் ஹிஸ்பானியரில் 4.99 வீதமும், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகளில் 5.64 வீதமும் விடுபட்டிருக்கிறார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். வெள்ளையர்களோ கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். அவ்வளவு பணமும் கொம்பியூட்டரும் இருக்கிற நாட்டிலும் யாரோ ஒருவரின் பாய் படிக்குக் கீழே இருக்கிறது, மகள். அதைத் தேடிப் பார்க்கத் தோன்றுகிறவர்கள் அங்கே வேண்டும்.

இரண்டு பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது பற்றி எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிப் பதிவையும் பாடசாலைப் பதிவையும் இணைத்து ஒரே ஆள்தானா என்று கண்டுபிடிப்பது. உடனே எனக்கு உன் பெயர்தான் நினைவுக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டல், சாதாரணதரச் சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று சத்தியக் கடதாசி முடிக்க அப்பா எத்தனை தரம் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் நடந்தார்! குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. அங்கே படிவத்தில் அப்பாவின் பெயரையே உன் பெயராக்கி உன்னை அழைக்கிறார்கள். இப்படிப்பட்ட பெயர்களைக் கொம்பியூட்டர் மூன்று ஆட்களாக எடுத்துக்கொண்டால் அந்த ஆராய்ச்சியின் முடிவு என்னவாகும்? விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டாயே, இதை எழுது. நன்றி சொல்லித் தொடங்காதே. உனக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்கு.

நீ போகப்போகும் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில்தான் ஐபம்ஸ் தரவுக் களஞ்சியமும் இருக்கிறதாம். நூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் குடிசனப் பதிவுகளை ஆள் யார் என்று தெரியாதபடி பெயர் நீக்கி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பெயர் நீக்கும் வேலையையும் கவனமாகப் படி. சங்கிலிக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணுக்கு, இந்த விபரம் வேறு எவர் கைக்கும் போகாது என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ கையில் எடுக்கப்போகும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் அப்படி வாக்குக் கொடுத்திருப்பார்.

இன்னொன்று. 2024 கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை டெப்லட்டில் தட்டிக்கொண்டே, "இங்கே வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர் அன்ரி?" என்று கேட்டாள். இரண்டு பேர் என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. நீ இங்கே கணக்கில் இல்லை. நீ போவதற்கு முன்பே அமெரிக்கா 2020 கணக்கை முடித்துவிட்டது, அடுத்தது 2030 இல்தான். இப்போதைக்கு நீ எந்த நாட்டின் குடிசன மதிப்பிலும் இல்லாத ஒரு ஆள். நான் எழுதுவதற்கு முன்பிருந்த பதுளைப் பெடியனைப் போல.

பிறப்புச் சான்றிதழையும் சத்தியக் கடதாசியையும் அப்பா நாளைக்குக் காலையில் ஸ்கேன் பண்ணி அனுப்புவார். பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிய ஆசிரியரிடம் இந்தக் கிழமையே பேசு, கடைசி நாள்வரை வைத்திருக்காதே. கட்டுரையின் முதல் பந்தியை எழுதியதும் எனக்கு வாசித்துக் காட்டு. உனக்குக் காலை என்றால் எனக்கு இரவு, பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா