கப்பலில் ஹாம் ரேடியோ: நம் லைசென்ஸ் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கோபி, பவானிப் பக்கத்துப் பையன்கள் சிலர் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும், லைசென்சோடு கப்பல் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகன் பனாமா கொடி பறக்கும் சரக்குக் கப்பல் ஒன்றில் இன்ஜினியர். போன வருஷம் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, டெக்கில் கம்பியைக் கட்டி 14 மெகாஹெர்ட்ஸில் பேசியிருக்கிறான். வீட்டு மாடியிலிருந்து பேசுவது போலவே, வி.யு. என்று தொடங்கும் கால்சைனை, அதாவது இந்தியாவில் தந்த அடையாளக் குறியை, மட்டும் சொல்லி. மறுநாள் அதிகாரிகள் ஏறி வந்து செட்டை எடுத்துப் போய்விட்டார்கள். "லைசென்ஸ் இருந்தா உலகம் பூராப் பேசலாம்னு கிளாஸ்ல சொன்னாங்க மாமா" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்படிச் சொல்லிக்கொடுத்தது தப்பு. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். பனாமா கொடி என்றால் பனாமாவின் அனுமதி வேண்டும். கரையிலிருந்து 12 நாட்டிகல் மைலுக்குள், அதாவது ஏறக்குறைய கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகிற தூரத்துக்குள் வந்துவிட்டால், அந்தக் கரை நாட்டின் அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. ஐரோப்பாவில் பல நாடுகள் ஒன்றின் லைசென்சை ஒன்று ஏற்றுக்கொள்கின்றன. அந்த ஏற்பாட்டில் இந்தியா இல்லை.

எங்கே இருந்தாலும் கேப்டன் சம்மதம் வேண்டும். டேங்கரில் எண்ணெய் ஏற்றும்போது, ஒரு பொறி பறந்தாலும் தீப்பிடிக்கும் என்பதால், மெயின் ஆன்டெனாவை எர்த் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். யாரோ ஒருவர் தன் கேபினிலிருந்து தனியாக டிரான்ஸ்மிட் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் கால்சைன். கடலில் அதன் பின்னால் 'ஸ்ட்ரோக் எம்.எம்.', அதாவது மாரிடைம் மொபைல், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால், கேட்கிறவர் லைசென்சில் உள்ள கோபி விலாசத்தில்தான் அவன் இருக்கிறான் என்று நினைப்பார். கப்பலுக்கு ஓர் ஆபத்து வந்து அவன் கூப்பிட்டால்? எங்கள் காலத்து ரேடியோ அறைக் கடிகாரத்தில் சிவப்புப் பட்டை இரண்டு இருக்கும். 15 முதல் 18 நிமிஷம், 45 முதல் 48 நிமிஷம். அந்த நேரத்தில், ஆபத்துக்குக் கூப்பிடும் 500 கிலோஹெர்ட்ஸில் ஒருவரும் மோர்ஸ் சாவி தட்ட மாட்டோம், காது மட்டும் திறந்திருக்கும். எங்கோ ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டு கூப்பிடலாம் என்பதற்காக. 1999 பிப்ரவரியில், செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் ஆபத்துச் செய்தி அனுப்பும் புது முறை முழுதாக வந்து எங்கள் வேலை போயிற்று. ஆனால் காற்றில் பேசுகிறவன் தான் யார், எங்கே இருக்கிறேன் என்று சரியாகச் சொல்லியாக வேண்டும் என்பது போகவில்லை.

பரீட்சைக்குப் பயிற்சி தருகிறவர்கள் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். லைசென்சோடு இந்த விதிகளைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தந்தால் இன்னும் நல்லது.

அக்கா மகன் அடுத்த மாதம் மறுபடி கப்பல் ஏறுகிறான். இந்தத் தடவை முதலில் கேப்டனுக்கு எழுதினான், பிறகு பனாமாவுக்கு விண்ணப்பம் போட்டான். பதில் வரும்வரை புதுச் செட் என் மேஜையில்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீசர்,
கோபிசெட்டிபாளையம்.