அண்ணனுக்கு, அந்தப் பாதி அப்பம் பற்றி

அண்ணே,

வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வருஷம் திரும்புகிறது. மைனியிடம் நீ சொல்லிவிட்டது வந்து சேர்ந்தது. சபைக்கு வெளியே கல்யாணம் பண்ணியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் சபைக் கமிட்டியில் வைத்து என்னைத் திரும்பச் சபையில் சேர்த்துவிடலாம், நினைவு ஆராதனையில் எல்லாரோடும் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுக்கலாம் என்று. யோசித்துவிட்டேன். எழுதப் போவதில்லை.

போனில் சொன்னால் நீ பேசுவாய், நான் அழுவேன், அப்புறம் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் இப்படி. ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் யாராவது படித்தால், தெரியாத மாதிரியே இருந்துகொள்ளுங்கள்.

2011 கிறிஸ்துமஸ், காலை நாலு மணி ஆராதனை. அம்மாவும் நானும் முக்காடு போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். பாதிரியார் ஐயர் எங்களிடம் வர இன்னும் நாலு பேர்தான் பாக்கி. நீ பின்பக்கமாக வந்து என் தோளைத் தொட்டாய். "எந்திரி பாப்பா." அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. அந்தப் "பாப்பா"வைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை கொடுக்க எழுப்புவாயே, அதே குரல்.

எழுந்து வந்தேன். இரண்டு பக்கமும் வெள்ளைச் சேலைகள், ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் எங்களுக்குத் தகுதியில்லை என்று கொஞ்ச நேரம் முன்னால்தான் மொத்தக் கோயிலும் சேர்ந்து ஜெபத்தில் சொன்னது. எனக்கு மட்டும் தனியாக இன்னொரு தடவை எதற்கு?

உன் நிலைமையும் தெரியும். சபைச் செயலாளர் தங்கச்சி என்றால் வேறு சட்டமா என்று கேட்க ஆள் காத்திருந்தது. நீ நேர்மையாகத்தான் நடந்தாய். அந்த வரிசையில் வேறு யார் யார் நின்றார்கள், அவர்கள் தோளை ஏன் யாரும் தொடவில்லை என்று எழுதத் தொடங்கினால்... வேண்டாம், விடு.

"எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பக்கத்தில் இருப்பவனைச் சோதிக்கச் சொல்லவில்லை. பாரம்பரியம் என்பாய். சபைக்குள் சாதி கூடாது என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் எழுதியபோது, தஞ்சாவூரில் வழக்கத்தை விடமாட்டோம் என்று சபையை விட்டுப் போனவர்களுக்கும் அது பாரம்பரியம்தான்.

ஆனால் "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள்" வசனத்தை என் பக்கம் இழுத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை. அன்றைக்கு நான் ஆண்டவரைத் தேடி முன்னால் போகவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று போனேன். மாப்பிள்ளை வீட்டுத் தாலியை, சிலுவை இல்லாத தாலியை, சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டிருந்தேன். அம்மா இரண்டு தடவை உள்ளே தள்ளிவிட்டாள். இரண்டு தடவையும் வெளியே எடுத்தேன். உன்னைச் சபை முன்னால் அப்படி நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம்தான், கமிட்டியிடம் இல்லை.

இன்னொன்று உனக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் அம்மா என்னைக் கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். முந்தானையில் காசு முடிகிற முடிச்சை அவிழ்த்தாள். பாதி அப்பம். உள்ளங்கையில் வாங்கியதைப் பிட்டு, ஐயர் கண்ணுக்கு எதிரிலேயே மறைத்திருக்கிறாள். மழை பெய்தாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே கிளம்பிவிடுகிற நம் அம்மா! "அண்ணன்ட்ட சொல்லாத" என்று என் வாயில் வைத்தாள். நான் நன்றியாக வாங்கவில்லை, உன் மேல் இருந்த கோபத்தோடேயே மென்றேன். மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. குழாய்த் தண்ணீரைக் குடித்து இறக்கினேன். அது திருவிருந்தா இல்லையா என்று உன் கமிட்டி வேண்டுமானால் கூடி முடிவு பண்ணட்டும்.

மன்னிப்புக் கடிதம் எழுதினால் அந்த முடிச்சையும் சேர்த்துத் தப்பு என்று நான் எழுத வேண்டும். அது என்னால் ஆகாது. அவள் சொல்லாதே என்றதை இப்படி ஊரறியச் சொல்லிவிட்டேனே என்றும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரரும் வருவார், பேசாமல் இருந்துவிடாதே. பூ நான் வாங்கி வருகிறேன். மெழுகுவர்த்தி நீ கொண்டு வா, காற்றுக்கு மறைப்பாக ஏதாவது சேர்த்து. அப்புறம், அம்மா திருவிருந்துக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை உன் வீட்டுப் பீரோவில்தான் இருக்கும். அதை எனக்குக் கொடுத்துவிடு. மைனியை அதைத் துவைக்க வேண்டாம் என்று சொல்.