குடிக்கும் பறவையும் ஆடி மாதக் காற்றும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு ஞாயிறுக்கு முன் உங்கள் சிறுவர் இணைப்பில் 'குடிக்கும் பறவை' பொம்மையைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. கண்ணாடித் தலை, கண்ணாடி வயிறு, நடுவில் ஒரு குழாய், உள்ளே சிவப்புத் திரவம்; தண்ணீர் டம்ளருக்கு முன்னால் வைத்தால் குனிந்து குனிந்து நிமிருமே, அந்தப் பொம்மை. படம் அழகு. விஷயம்தான் தப்பு. அச்சுப்பிழை மாதிரி சின்னத் தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அதைப் படித்துவிட்டு என் பேத்தி அந்தப் பொம்மையைக் கொண்டுபோய் எரிகிற கேஸ் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது தில்லி மயூர் விஹாரில், மகள் வீட்டில். பேத்தி ஆறாவது படிக்கிறாள். பள்ளியில் இந்தியும் இங்கிலீஷும்தான், தமிழ் வீட்டோடு சரி. வாரத்தில் ஒரு நாளாவது எழுத்துக்கூட்டிப் படிக்கட்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பைக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் சத்தமாகப் படித்தால்தான் டிவி ரிமோட் என்று வைத்திருக்கிறேன். முனகிக்கொண்டேதான் படிப்பாள். அன்றைக்கு முனகவில்லை, ஏனென்றால் படத்தில் இருந்த அதே பறவை எங்கள் வீட்டு ஷோகேசில் நிற்கிறது.

கட்டுரையில் என்ன இருந்தது? அறையின் வெப்பத்தில் பறவையின் வயிற்றில் இருக்கும் திரவம் கொதித்து மேலே ஏறுமாம், பறவை குனிந்து தண்ணீர் குடித்ததும் உள்ளே போன தண்ணீரால் குளிர்ந்து கீழே இறங்குமாம், இப்படியே இரவு பகலாக என்றைக்கும் நிற்காமல் ஆடுமாம். அவள் உடனே பறவையை எடுத்து, டம்ளரில் தண்ணீர் வைத்து, தலையை நனைத்து உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு தடவை குனிந்தது. அப்புறம் சும்மா நின்றது. வெளியே மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல், புழுங்கித் தள்ளிக்கொண்டிருந்த நாள். "பேப்பர்ல கொதிக்கணும்னு போட்டிருக்கு தாத்தா, இதுக்குச் சூடு பத்தல" என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். நான் சமையலறைக்குள் நுழைந்தபோது குக்கருக்கு ஒரு சாண் தள்ளி பறவை நின்றுகொண்டிருக்கிறது, கழுத்து நெடுக சிவப்புத் திரவம்.

பறவையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடு, டைகுளோரோமீத்தேன் என்றும் சொல்வார்கள், பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கப் பயன்படுத்துகிற திரவம். சாதாரணக் காற்றழுத்தத்தில் 39.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொம்மைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மூடியிருப்பார்கள், ஆகையால் உள்ளே இருப்பது அந்தத் திரவமும் அதன் ஆவியும் மட்டும். 25 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கு மேல். 60 டிகிரிக்குப் போனால் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்லிசுக் கண்ணாடி அது. அடுப்புப் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவியைச் சுவாசித்தால் உடம்புக்குள் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். எங்காவது உடைந்தால் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுக் குழந்தைகளை அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி நீங்கள் போட்டிருக்கலாம்.

சரி, பறவை எப்படித்தான் ஆடுகிறது? எல்லாம் தலையில்தான் இருக்கிறது, வயிற்றில் இல்லை. தலையில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம் காற்றில் காயும்போது ஒவ்வொரு கிராம் தண்ணீரும் சுமார் 580 கலோரி வெப்பத்தைத் தலையிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போகிறது. தலை குளிர்கிறது. தலைக்குள் இருக்கும் ஆவியில் கொஞ்சம் திரவமாகிவிடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. வயிற்றில் அழுத்தம் அப்படியே இருப்பதால் அது திரவத்தைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சாதாரண அறையில் திரவம் 10 செ.மீ. ஏறுவதற்குத் தலைக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசம்கூட வேண்டாம், முக்கால் டிகிரி இருந்தால் தாராளம். இதற்குப் போய்க் கொதிக்க வைப்பார்களா?

கிட்ட உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும். சிவப்புக் கோடு பழைய தெர்மாமீட்டர் பாதரசம் மாதிரி மெதுவாக ஏறும். கழுத்தைத் தாண்டியதும் உடம்பு லேசாக நடுங்கும், விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. தலைப்பக்கம் கனம் கூடியதும் சட்டென்று கவிழும், அலகு டம்ளரில் படும், ஃபெல்ட் மறுபடி நனையும். இந்தக் கவிழ்ந்த நிலையில்தான் சூட்சுமம் இருக்கிறது: குழாயின் கீழ்முனை வயிற்றுத் திரவத்துக்கு வெளியே வந்துவிடும், உடனே ஒரு குமிழி 'குளுக்' என்று குழாய் வழியே தலைக்கு ஓடும், இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாகிவிடும், திரவம் தன் கனத்தால் வயிற்றுக்கு வடிந்துவிடும், பறவை நிமிர்ந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போவதில்லை. போக ஓட்டையே கிடையாது. இந்தப் பொம்மைக்கு அமெரிக்காவில் மைல்ஸ் சல்லிவன் என்பவர் 1946இல் காப்புரிமை வாங்கினார்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வானிலைத் துறையில் அப்சர்வராக இருந்து ஓய்வுபெற்றவன். வெள்ளை பெயின்ட் அடித்த மரப்பெட்டி, சுவரெல்லாம் சாய்ந்த சட்டங்கள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் உள்ளே தெர்மாமீட்டர்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். அதில் ஒரு தெர்மாமீட்டர் சும்மா இருக்கும், இன்னொன்றின் குமிழில் மஸ்லின் துணி சுற்றி, ஒரு திரி கீழே தண்ணீர்க் குப்பிக்குள் தொங்கும். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் இரண்டையும் படித்து எழுதுவோம். உலர்குமிழ், ஈரக்குமிழ். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஈரக்குமிழ் கீழே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் நீங்கள் தினமும் பத்திரிகையில் போடுகிற ஈரப்பதத்தைக் கணக்கிடுவது. குடிக்கும் பறவையின் தலை ஓர் ஈரக்குமிழ், வயிறு ஓர் உலர்குமிழ், வேறொன்றும் இல்லை. எங்கள் பிரிவில் மேலதிகாரி ஒருவர் மேஜையில் இந்தப் பறவையை வைத்திருந்தார், ஓய்வுபெறும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது குனிகிற வேகத்தைப் பார்த்து ஈரப்பதம் எவ்வளவு என்று ஊகித்து, டீக்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

தில்லி மே மாதத்தில் உலர்குமிழ் 42, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 22 பக்கம் நிற்கும். இருபது டிகிரி வித்தியாசம். வீட்டுக்குள்ளே அவ்வளவு இருக்காது, இருந்தாலும் ஃபேன் காற்றில் பறவை நிமிடத்துக்கு மூன்று தடவை குனிந்ததை நானே எண்ணியிருக்கிறேன். ஆடி பிறந்து காற்று கிழக்கிலிருந்து வீச ஆரம்பித்துவிட்டால் உலர்குமிழ் 33, ஈரப்பதம் 85, ஈரக்குமிழ் 31. வித்தியாசம் இரண்டே டிகிரி, பறவையின் தலை அதைக்கூட முழுசாக எட்டாது, தலையிலுள்ள ஈரம் காய்ந்தால்தானே. அவளுடைய பறவை நின்றது இதனால்தான். பொம்மை ரிப்பேரும் இல்லை, சூடு பற்றாமலும் இல்லை, 33 டிகிரி சூடு போதாதா என்ன.

தில்லிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை, ஈரத் தட்டி வழியே காற்றை இழுத்து ஊதுகிற கூலர் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மே, ஜூனில் சொர்க்கம். ஜூலை வந்தால் அதே கூலர் ஈரக் காற்றை முகத்தில் ஊதும், படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும், மூட்டைகட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அந்த நாளில் கூலருக்கு வெட்டிவேர்த் தட்டி வைப்பார்கள், இங்கே அதற்கு 'கஸ்' என்று பெயர், வாசனை வீடெல்லாம் இருக்கும். என் தம்பி ஒரு தடவை தில்லி வந்து கூலர் சுகத்தை அனுபவித்துவிட்டு, சென்னைக்குப் போன கையோடு ஒன்று வாங்கினான். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. இப்போது அதில் பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்திருக்கிறான்.

எங்கள் வீட்டில் கூலர் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று வருஷா வருஷம் சண்டை. மாப்பிள்ளை மூடுவார், குளிர்ச்சி வெளியே போகிறதாம். நான் திறப்பேன். போன மே மாதம் பறவையை நடுவர் ஆக்கினேன். ஜன்னலை மூடி ஒரு மணி நேரம் கூலர் ஓடியதும் பறவை ஏறக்குறைய நின்றேவிட்டது. ஜன்னலைத் திறந்து உள்ளிருந்த ஈரக் காற்று வெளியே போக ஆரம்பித்ததும் மறுபடி குனிய ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த வருஷம் ஏசி வாங்கிவிட்டார்.

'என்றைக்கும் நிற்காது' என்று எழுதியதற்கு வருகிறேன். அதைப் படித்துவிட்டு மாடி வீட்டுக்காரர், நன்றாகப் படித்தவர்தான், "பெரிசா ஒண்ணு செஞ்சு கரண்ட் எடுக்கலாமே சார்" என்றார். எடுக்கலாம், யார் தடுத்தார்கள். ஆனால் பறவையும் ஒரு வெப்ப எந்திரம்தான், நீராவி ரயில் எஞ்சினுக்கு உள்ள சட்டம் இதற்கும் உண்டு. சூடான பக்கம் 42 டிகிரி, குளிர்ந்த பக்கம் 22 டிகிரி என்றால் உள்ளே போகிற வெப்பத்தில் நூற்றில் ஆறு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற யாராலும் முடியாது. ஆடி மாதத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நிஜப் பறவை இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது, உராய்விலும் கண்ணாடி வழியே வெப்பம் கடத்தப்படுவதிலும் எல்லாம் போய்விடும். சும்மா இருந்து ஆடுகிற மாதிரி தெரிகிறதே தவிர, டம்ளரில் தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருக்கிறது. அறையின் வெப்பமும் காற்றின் வறட்சியும்தான் அதற்குச் சாப்பாடு, ஒன்று இல்லாவிட்டாலும் நின்றுவிடும்.

உங்களுக்கு என் வேண்டுகோள், திருத்தம் போடுவதானால் மூலையில் இரண்டு வரி போடாதீர்கள். பிள்ளைகளே செய்து பார்க்கிற மாதிரி போடுங்கள். டம்ளரே வைக்காமல் தலையை மட்டும் விரலால் நனைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் காயும்வரை பறவை வெறும் காற்றில் குனிந்துகொண்டே இருக்கும், அப்போது தண்ணீரைக் 'குடித்துத்தான்' குளிர்கிறது என்ற கதை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் டம்ளரோடு சேர்த்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் நிறைந்ததும் நின்றுவிடும், ஜாடியை எடுத்தால் மறுபடி தொடங்கும். எந்த வெயில் நாளிலும் செய்யலாம், அடுப்பும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

இன்னொன்று, பறவை வைத்திருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி: புதுசில் ஆடியது, இப்போது மே மாதத்திலும் ஆடவில்லையே? பெரும்பாலும் உப்புதான். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர். நாலு வாரத்தில் ஃபெல்ட் அப்பளம் மாதிரி விறைத்துவிடும், தண்ணீரை உறிஞ்சாது. ஈரக்குமிழ் மஸ்லினையும் இதற்காகத்தான் வாரம் ஒருமுறை மாற்றுவோம், புழுதிக்காற்று அடித்தால் அன்றைக்கே. பறவைக்குத் துணி மாற்ற முடியாது, ஆகவே தலையைக் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, அதற்கப்புறம் ஆர்ஓ தண்ணீரையே டம்ளரில் ஊற்றுங்கள். நடுவில் குழாயைப் பிடித்திருக்கும் தகரக் கவ்வி நழுவியிருந்தாலும் ஆடாது, அதை ஒரு நூலளவு மேலேயோ கீழேயோ நகர்த்திப் பார்க்கலாம். மெதுவாக.

பேத்தி இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் பத்து நிமிடம் எண்ணி, தமிழிலேயே எழுதுகிறாள், 'ஈரக்குமிழ்' என்பதற்கு மட்டும் 'ழ்' போடுவதில் தகராறு. வேண்டுமானால் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன், இணைப்பில் போட்டால் சந்தோஷப்படுவாள். இந்த வாரப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை: ஞாயிறு இரண்டு, திங்கள் ஒன்று, நேற்று பூஜ்யம், பக்கத்தில் 'மழை' என்று எழுதி ஒரு குடை வரைந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானிலை அப்சர்வர்,
மயூர் விஹார், தில்லி