எடை பார்த்துவிட்டுக் குதிக்கச் சொல்லுங்கள்

விளையாட்டு விடுதித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரத் தேர்வு உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் கோடு, எம்பித் தொட ஒரே வாய்ப்பு, 38 செ.மீ. வராவிட்டால் 'பவர் போதாது'. என்னிடம் மூன்று வருடமாகக் குண்டு எறியப் பழகும் பிள்ளை 36 குதித்தாள். விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக்கூடத் துடைக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போதுதான் வாய் திறந்தாள்: "செலக்ட் ஆன பொண்ணு எத்தனை கிலோ சார்?"

விசாரித்தேன். அந்தப் பிள்ளை 44 கிலோ, 38 செ.மீ. இவள் 62 கிலோ. 44 கிலோவைத் தரையிலிருந்து 38 செ.மீ. உயர்த்த 164 ஜூல் வேலை. 62 கிலோவை 36 செ.மீ. உயர்த்த 219 ஜூல். அந்தப் பிள்ளைமேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் குண்டு எறிய ஆள் எடுக்கும் இடத்தில், அதிக வேலை செய்த கால்களைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எடை மெஷின் மூலையில்தான் இருந்தது. யாரையும் ஏறச் சொல்லவில்லை. தயவுசெய்து முதலில் எடை பாருங்கள்.

நீங்கள் சொன்ன 'பவர்', அதாவது திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. சுமை கூடக்கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும் என்று பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் 1938-லேயே தவளைத் தசையில் காட்டினார். விசை குறைந்தவரும் வேகம் குறைந்தவரும் ஒரே உயரம் குதிக்கலாம். ஒருவருக்குப் பளு தூக்கும் பயிற்சி வேண்டும், மற்றவருக்கு லேசான சுமையில் வேகமாகக் குதிக்கும் பயிற்சி. சுவர்க்கோடு இதைச் சொல்லாது. கால் தரையை உந்தும் விசையை அளக்கும், லட்சக்கணக்கில் விலையுள்ள விசைத் தட்டு கேட்கவில்லை. உடல் எடை, குதித்த உயரம், கால் மடங்கி நிமிரும் தூரம், இவை மூன்றிலிருந்தே விசை, வேகம், திறனைக் கணக்கிடும் வழியை பிரான்சின் சமோசினோ ஆய்வுக் குழு 2008-லேயே வெளியிட்டது. எடை மெஷின், டேப், சுமை கூட்டிக் குதித்துப் பார்க்க ஒரு மணல் பை இருந்தால் போதும்.

எறியும் வட்டம் மழைக்குச் சேறாகிறது, பன்னிரண்டு பேருக்கு ஒரே குண்டு. இதையெல்லாம் சகித்து வருகிற பிள்ளைக்கு, அரை நிமிடம் மெஷினில் ஏறி நிற்கவுமா இடமில்லை? சரி, மற்றதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

இப்போது கேட்பது இவ்வளவுதான்: எடை பாருங்கள். மூன்று வாய்ப்பு கொடுங்கள். மணல் பையோடும் குதிக்க வையுங்கள். வந்த எண்களை எழுதிப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். மறுதேர்வுக்குத் தேதி சொன்னால், காலை ஆறு மணி என்றாலும் அழைத்து வருகிறேன்.

பணிவுடன்,
ஒரு குண்டு எறிதல் பயிற்சியாளர்