ஜவுளிக்கடை முதலாளிமாருக்கு: நீச்சலுடையையும் அளந்து கொடுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஜவுளிக்கடை முதலாளிமாருக்கு வணக்கம்.

நான் தக்கலைப் பக்கம், வயது 46. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால், நானும் மைனியும் மூன்று மாதமாக நீந்தக் கற்றுவருகிறோம். அதற்கு உடை வாங்க வந்தபோதுதான் சிக்கல். இரண்டு துண்டாகக் கேட்டேன், பிகினி மாதிரி. எனக்கு மார்பு ஒரு அளவு, இடுப்பு வேறு அளவு. ஒரே துண்டாக இருந்தால் ஏதாவது ஓரிடத்தில் பொருந்தாது. மேலே முழுக்கை டீ-ஷர்ட் போட்டுத்தான் தண்ணீரில் இறங்குவேன் என்பதையும் சொன்னேன். கடைப் பையன் என் முகத்தைப் பார்க்காமலே ஒரு பெட்டியை நீட்டினான். "எக்ஸ்எல் போதும்க்கா." போட்டுப் பார்க்க இடமில்லை, திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம்.

கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் மாடல் அது. நனைந்ததும் துணி இளகியது. பாரம் முழுவதும் பின்கழுத்தில் தொங்கியது. இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

சிறுவயதில் ஊர்க்குளத்தில் பாவாடையை மாரோடு ஏற்றிக் கட்டிக் குளித்தவர்கள்தானே நாமெல்லாம். அதற்குத் தோளில் மாட்டும் பட்டை உண்டா? சுற்றிவரும் இறுக்கம்தான் தாங்கியது. பிகினி மேலுடைக்கும் கணக்கு அதுதான். பாரத்தைத் தாங்க வேண்டியது மார்புக்கு அடியில் சுற்றிவரும் பட்டி. தோளில் மாட்டும் பட்டை கூடவே நின்று உதவுவது மட்டுமே. பட்டி தளர்ந்தால் அது முதுகில் மேலே ஏறும், பாரமெல்லாம் தோளுக்குப் போகும்.

அதனால் இரண்டு அளவு வேண்டும்: மார்புக்கு அடியில் ஒன்று, மார்பின் முழுச் சுற்று ஒன்று. எனக்கு முதலாவது 34 இஞ்ச், இரண்டாவது 39. இடையில் உள்ள 5 இஞ்ச்தான் கப் சைஸைச் சொல்கிறது. ஒரு இஞ்சுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி, ஐந்துக்கு டிடி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆக எனக்குப் பொருந்துவது 34 டிடி. ஆனால் இருபது வருடமாகக் கடைகளில் எனக்குக் கிடைத்த பாடி எல்லாம் 38 தான். கப் பெரிதாக வேண்டும் என்பதற்காகப் பட்டியையும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்த அளவே தெரியாமல் இருபது வருடம் போய்விட்டது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எடுப்பாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன், அதில் வெட்கம் இல்லை. நிறைந்த மார்புக்குத் தோளில் அகலமான பட்டையும், முழுக் கப்பும், அடியில் கம்பியும் உள்ளது நன்றாக உட்காரும். மைனி ஒல்லி. அவளுக்கு முக்கோண வெட்டில், மெல்லிய பேடு வைத்தது கொள்ளாம். நம் நிறத்துக்குக் கரும்பச்சையும் மெரூனும் அருமையாக எடுக்கும். வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே லைனிங் கட்டாயம் வேண்டும், நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். பருத்தியைத் தயவுசெய்து நீச்சலுடை என்று விற்காதீர்கள். தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். நைலானோடு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த துணிதான் சரி. அதையும் குளோரின் அரிக்கும், நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள்.

இனி நான் கேட்பது. எல்லாக் கடையிலும் இஞ்ச் டேப் இருக்கிறது, ஜாக்கெட் துணிக்கும் திரைச்சீலைக்கும் அளக்கிறீர்கள். உள்ளாடை, நீச்சலுடைப் பிரிவிலும் அளக்கத் தெரிந்த ஒரு பெண்ணை நிறுத்துங்கள். எஸ், எம், எல் மட்டும் அடுக்காமல் பட்டியும் கப்பும் எழுதிய சரக்கை வரவழையுங்கள். போட்டுப் பார்க்க விடுங்கள். சுத்தம்தான் கவலை என்றால் மெல்லிய உள்பனியனுக்கு மேல் போட்டுப் பார்க்கிறோம். இரண்டு கையையும் தூக்கி, குனிந்து நிமிர்ந்து, ஒரு குதி குதித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் நுழைந்தால் தளர்வு.

இந்த மண்ணில் பெண்ணின் மார்பின் மேல் என்ன கிடக்கலாம் என்பதை நெடுங்காலம் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். மார்பை மூடும் தோள்சீலைக்காக நம் பாட்டிமார் அடிபட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசர் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். அந்தப் பெண்களின் பேத்திமார்தான் இன்று உங்கள் கடையில் குரலைத் தாழ்த்தி, 'உள்ளே போடுறது' என்று கேட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஓணத்துக்கு முன்னால் நானும் மைனியும் மறுபடி வருவோம். அவள் மகளும் வருவாள், ப்ளஸ் டூ படிக்கிறாள், அவளும் நீச்சல் கற்கப்போகிறாள். ஒரு கண்ணாடி, உள்ளே தாழ்ப்பாள் போடும் ஒரு சின்ன அறை, ஒரு டேப். அதற்குள் தயார் செய்துவிடுவீர்களா?

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருத்தி