பதினோரு கட்டுரைகள்

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் சித்திரை பிறந்த பிறகு பதில் போடுகிறேன், திட்டாதே. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பத்மாவை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அந்தப் பச்சைக் குடையை இன்னும் விடவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை.

போன வியாழக்கிழமை ஒரு கல்லூரியில் பேராசிரியர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவருக்கு 140 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 24. இன்னொரு பெண்ணுக்கு 11 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 5. நீ வங்கிக்குப் போன காலத்தில் இந்தக் கணக்கே கிடையாது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. 5 என்றால், தலா ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஐந்து இருக்கின்றன என்று அர்த்தம். தலைவர் இரண்டு எண்களையும் வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நானும் தலையாட்டினேன், மல்லி. அதுதான் உறுத்துகிறது.

திரும்பி வரும்போது ரயிலில்தான் அந்தப் பெண்ணின் கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். எல்லாம் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ் பற்றியவை. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ ஒளிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, விலையும் சொற்பம். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று பரவி ஆளையே கொண்டுபோய்விடும். காய்ச்சலோடு வரும் பெண்களைக் கூச்சப்படாதபடி திரைக்குப் பின்னால் தலை முதல் கால் வரை எப்படிப் பார்ப்பது என்று செவிலியர்களோடு சேர்ந்து ஒரு முறை வகுத்திருக்கிறாள். அதைப் படித்துப் பொருக்கைக் கண்டுபிடிக்கும் செவிலியர் எந்தக் கட்டுரையில் போய் மேற்கோள் காட்டுவார்?

காலராவை ஆராய்ந்த சம்பு நாத் தே நினைவுக்கு வந்தார். மேடம் கரும்பலகையில் முயல் குடல் வரைந்தபோது நீ பலாக்கொட்டை என்றாயே, அவருடைய சோதனைதான். கல்கத்தாவில், முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் காலரா கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. பிறகு கிருமியையே வடிகட்டிவிட்டு வெறும் திரவத்தைச் செலுத்தினார், அப்போதும் உப்பியது. ஆக, வேலையைக் காட்டுவது கிருமி விடும் நஞ்சு. அப்படி ஒரு நஞ்சு இருக்க வேண்டும் என்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1884இலேயே சொன்னார். அதைக் கண்முன் காட்ட 75 ஆண்டுகள் ஆயின.

1959இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையை வந்த புதிதில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நோபல் பெற்ற லெடர்பெர்க் அவரை அந்தப் பரிசுக்கே பரிந்துரைத்தார். நம் நாட்டு அறிவியல் அகாடமிகளோ அவர் இருந்தவரை ஓர் உறுப்பினராகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1985இல் அவர் இறந்தார். மறு ஆண்டு அவரைப் பற்றி விரிவாக எழுதியவர் யார் தெரியுமா? யூஜின் கார்ஃபீல்ட். மேற்கோள்களை எண்ணி அட்டவணை போடுவதை 1964இல் தொடங்கிவைத்தவரே அவர்தான்!

எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீல நிறம் வருகிறதா என்று குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, அந்த லோரி புரத அளவீடு, 1951ஆம் ஆண்டுக் கட்டுரை. மேற்கோள் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆய்வகம் ஆய்வகமாக அதைப் பயன்படுத்தினார்கள் என்று அந்த எண் சொல்வது சரிதான். ஆனால் வியாழக்கிழமை எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட ஒரு கட்டுரையையும் பிரித்துப் பார்க்கவில்லை.

முடிவு இன்னும் கையெழுத்தாகவில்லை. மறுபடி கூட வேண்டும், இருவர் கட்டுரைகளிலும் மூன்று மூன்றையாவது படித்துவிட்டு வர வேண்டும் என்று தலைவருக்கு இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கோபம் தெரிகிற வரிகளை அடித்துவிடு. உனக்குத்தான் அந்தக் கை உண்டு. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிறு இரவுக்குள் போன் செய், எவ்வளவு நேரமானாலும் சரி.

அன்புடன்,
சுமதி