ஒரு கப் வெல்லம் என்றால் எத்தனை கிராம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழின் சமையல் பக்கத்தில் வந்த ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளிக் குறிப்பில் கடலைப்பருப்பு 200 கிராம், வெல்லம் ஒரு கப், மைதா ஒன்றரை டம்ளர் என்று போட்டிருந்தீர்கள். ஒரே பலகாரத்துக்கு மூன்று அளவுகள்! பருப்பைத் தராசில் நிறுத்தவர் வெல்லத்துக்கு எந்தக் கப்பைத் தேடுவார்? அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்றால் ஏறத்தாழ 240 மி.லி. ஆஸ்திரேலியாவில் 250. ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வருவதோ பெரும்பாலும் 180. வீட்டு டம்ளர்களுக்குக் கணக்கே கிடையாது.

கப்பின் கொள்ளளவு தெரிந்தாலும் சிக்கல் தீராது. 240 மி.லி. கப்பில் சர்க்கரை 200 கிராம் அளவுக்குப் பிடிக்கும். மைதாவைச் சலித்து மெதுவாக நிரப்பினால் 120 கிராம்; மாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும். வெல்லம் இதைவிட மோசம். உருண்டை வெல்லத்தைத் தட்டிப் போட்டால் கட்டிகளுக்கு நடுவே நிறையக் காற்றுதான் இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையோ ஈரப்பதம் உள்ளது. அழுத்த அழுத்த உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரு கப் என்றே எழுதிவிடுகிறோம். ஒன்றில் பூரணம் சப்பென்று இருக்கும். மற்றதில் இளகிப்போய், தட்டும்போது மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

அதற்காக எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றச் சொல்லவில்லை. அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தராசு எதற்கு? ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, அதே டம்ளரால் மூன்றரை டம்ளர் தண்ணீர் என்றால், டம்ளர் பெரிதோ சிறிதோ சாதம் பதமாக வந்துவிடும். அங்கே கிராமை நுழைத்தால்தான் குழப்பம். ஒரு கப் அரிசி சுமார் 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். அதே பங்குக் கணக்கை எடைக்கு மாற்றிக்கொள்பவருக்குத் தண்ணீரில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். கால் தேக்கரண்டி மஞ்சள்தூளை எடையில் கேட்பதும் வீம்புதான். ஒரு கிராமுக்குக் கீழே வீட்டுத் தராசு தடுமாறும்.

எண்ணெயிலும் நெய்யிலும் கிலோவையும் லிட்டரையும் ஒன்றாகவே எழுதுகிறீர்கள். காங்கேயம் பக்கம் தேங்காய்ப் பருப்பைக் கொண்டுபோய்ச் செக்கில் ஆட்டி வருபவர்களிடம் கேளுங்கள், ஒரு லிட்டர் எண்ணெய் 910, 920 கிராம்தான் நிற்கும் என்பார்கள். முறுக்குச் சுடும் எண்ணெய்க்கு இது ஒரு பொருட்டில்லை. மைசூர்பாகுக்கு ஊற்றும் நெய்க்குப் பொருட்டுதான்.

ஆகவே மாவு, வெல்லம், தேங்காய்த் துருவல் மூன்றுக்கும் கிராம் போடுங்கள். தேங்காய்க்கு 'ஒரு மூடி' என்று எழுதுவதை விட்டுவிடலாம். பொள்ளாச்சிச் சந்தையில் ஒரே குவியலில் எத்தனை அளவுக் காய்கள் கிடக்கின்றன! நீர்ப்பொருள்களுக்கு மி.லி. போதும். கரண்டி அளவுகளுக்குத் தலை தட்டியதா, குவித்ததா என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். குறிப்பு அனுப்புகிறவரிடம் தராசு இல்லையென்றால், அவர் அளந்த பாத்திரத்தில் எத்தனை மி.லி. தண்ணீர் பிடிக்கிறது என்று கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தீபாவளி இதழில் அதிரசக் குறிப்பு வருவதற்குள் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.